ஞானராஜ் அண்ணாச்சியின் தேங்காய்ச் செலவு

"ரெண்டு ஜீப்புக்கு இவ்வளவு இன்ஜின் ஆயிலா? வண்டி ஓடுதா, ஆயில் குடிக்குதா?" என்று கேட்டு, வருமான வரி அதிகாரி கணக்கை மூடி வைத்தார். எழுபதுகளில் தேனியில் சொந்தமாக வரிக் கணக்குப் பார்க்கத் தொடங்கியிருந்த நேரம். பக்கத்தில் நின்ற என் கட்சிக்காரர் ஞானராஜ் அண்ணாச்சி, கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் விடுகிறவர், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பில் இல்லாத ஆயிலை நான் நம்ப முடியாது. கணக்கையே தள்ளிட்டு, வருமானத்தை நானே எஸ்டிமேட் பண்ணிடுவேன்" என்றார் அதிகாரி. அப்படிச் செய்தால் வருகிற வரிக்கு ஒரு ஜீப்பை விற்றாக வேண்டும். வெளியே போய் யோசித்துவிட்டு வரச் சொன்னார்.

வராந்தா மூலைக்கு அழைத்துப்போய், "அண்ணாச்சி, என்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க" என்றேன்.

"ஆயில் இல்ல தம்பி, தேங்கா" என்றார்.

மலை ஏறும் முன் அடிவாரக் கோயிலில் டிரிப்புக்கு ஒரு தேங்காய் உடைப்பது அங்கே வழக்கம். உடைக்காத வண்டியில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற சனம் ஏறாது. அண்ணாச்சியோ சர்ச் கமிட்டியில் இருப்பவர். டிரைவரை உடைக்கச் சொல்லிவிட்டு, செலவை ஆயில் என்று எழுதவைத்திருக்கிறார்.

"கணக்கு எழுதுறவரு எங்க சபைக்காரரு. பூசைச் செலவுன்னு சொன்னா, நாளைக்கு யார் மூஞ்சில முழிக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது, உடனே அடங்கியும் போனது. மற்ற ஜீப்காரர்களின் பூஜைச் செலவை இதே அதிகாரி சொந்தச் செலவு என்று வெட்டியதைப் பார்த்திருக்கிறேன். சாமி கும்பிடுவது அவரவர் விஷயம். ஆனால் சர்ச்சுக்குப் போகிற அண்ணாச்சிக்கு இதில் சொந்த விஷயம் என்ன இருக்கிறது? முழுக்க முழுக்கத் தொழிலுக்காக மட்டுமே செய்த செலவு என்று சட்டம் கேட்பது இதைத்தானே?

அதை அண்ணாச்சி தம் வாயால்தான் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். சங்கடம் என்னவென்றால், தம் கேஸுக்காக அன்று வெளியே பெஞ்சில் காத்திருந்தவர் அவருடைய சபை மூப்பர், கம்பத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அதிகாரியின் அறைக்கு அரைக்கதவுதான். உள்ளே பேசுவது பெஞ்சுக்குக் கேட்கும்.

அண்ணாச்சி மூப்பரைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனார்.

"சார், ஆயில்னு எழுதுனது பொய். அது தேங்கா. நான் வேதக்காரன், எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஆனா உடைக்கலேன்னா சனங்க ஏற மாட்டாக. வண்டி காலியா நிக்கும்."

அதிகாரி மூடிய கணக்கை மறுபடி திறந்தார். "சாமி கும்பிடுறவர் எழுதியிருந்தா வெட்டியிருப்பேன். உங்ககிட்ட எப்படி வெட்டுறது?" என்றவர், தேங்காய்க் கடைக்காரரிடம் ஒரு கடிதம் மட்டும் வாங்கி வரச் சொன்னார். கணக்கு தப்பியது, ஜீப்பும் தப்பியது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். செலவின் பெயரைப் பார்த்து வருமானத்தில் கழிக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். எதற்காகச் செய்தீர்கள் என்று ஆளைக் கேளுங்கள். நியாயமான செலவைக்கூட வேறு பெயரில் ஒளித்தால் திருட்டுக் கணக்காகத்தான் தெரியும்.

நாங்கள் வெளியே வந்தபோது மூப்பர் எழுந்தார். அண்ணாச்சி குனிந்த தலையோடு நின்றார். மூப்பர் அவரைத் தாண்டி என்னிடம் வந்து, மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, நம்ம கடையில ஆயுத பூசைச் செலவ மூட்டை கட்டுற சணல்னு எழுதிருக்கு. உள்ள போறதுக்கு முன்னாடி அதையும் மாத்திரலாமா?"

அண்ணாச்சி அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.