மெட்ராஸ் இயந்திரம் சொன்ன வேறு பெயர்

பிள்ளைகளே, மின்னஞ்சலைத் திறக்கும்போது சில நாள் உங்கள் கணினியில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை, அந்தப் பக்கம் இருப்பது யாரென்று உறுதியாகத் தெரியவில்லை என்கிறது. நீங்கள் அதைப் படிக்காமலே 'சரி' என்று தட்டிவிட்டுப் போகிறீர்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு சீனப் புத்தாண்டு நாள் எனக்கு நினைவுக்கு வரும்.

அப்போது நான் சிசில் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டெலெக்ஸ் அடிக்கும் வேலையில் இருந்தேன். இங்கே தட்டும் எழுத்து தொலைதூர ஊரின் இயந்திரத்தில் அப்படியே விழும், அதுதான் டெலெக்ஸ்; போன் போல அதற்கும் எண் உண்டு. படிப்பு உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டோடு நின்றிருந்தது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. டன்லப் ஸ்திரீட்டில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தேன். தீபாவளியன்று சீன நண்பர்கள் எங்கள் வேலையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அவர்கள் புத்தாண்டுக்கு நாங்கள் பார்க்க வேண்டும். நாங்கள் என்றால், டெலெக்ஸ் அறையில் நான் ஒருவன்தான்.

அன்று கீழே காப்பிக்கடைகூடத் திறக்கவில்லை. தெருவில் ஓர் ஆள் இல்லை. தேக்கா சந்தையில் வாங்கி வந்த சோற்றுப் பொட்டலத்தை மேசையில் வைத்துக்கொண்டு, யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

மதியத்துக்கு முன் நாங்கள் கவனித்து வந்த ஒரு கப்பலின் தலைவரிடமிருந்து செய்தி வந்தது. கப்பல் எங்கள் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு மெட்ராஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. இளம் மாலுமி ஒருவன் வயிற்றுவலியில் துடிக்கிறான், நாளைக் காலை கப்பல் கரை சேரும்போது டாக்டரும் ஆம்புலன்சும் தயாராக இருக்க வேண்டும், மெட்ராஸ் ஏஜென்டிடம் உடனே சொல்லுங்கள் என்றது செய்தி.

டெலெக்ஸில் இணைப்புக் கிடைத்ததும் முதலில் ஒரு விசையை அழுத்த வேண்டும். 'நீ யார்?' என்று கேட்கும் விசை அது. அந்தப் பக்கத்து இயந்திரம் தன் பெயரைத் தானே அடித்துக் காட்டும். பெயர் பொருந்தினால்தான் செய்தியை அனுப்பலாம். நான் அழுத்தினேன். வந்தது எங்கள் ஏஜென்டின் பெயர் இல்லை, ஏதோ ஒரு தோல் கம்பெனியின் பெயர். துண்டித்துவிட்டு மறுபடி முயன்றேன். அதே பெயர்.

மேனேஜர் வீட்டுக்குப் போன் செய்தேன். பின்னால் மாஜோங் கட்டைகள் உருளும் சத்தம் கேட்டது. எண் சரிதானே என்று ஆங்கிலத்தில் கேட்டார். சரிதான், பெயர்தான் வேறு என்றேன்.

"அனுப்பிடு லா. அங்க யாராவது கொடுத்துடுவாங்க."

அனுப்பியிருந்தால் என் வேலை முடிந்திருக்கும். ஆனால் விடிந்ததும் கப்பல் போய் நிற்கும்போது கரையில் யாரும் இல்லையென்றால் அந்தப் பையன் என்ன ஆவான்? மெட்ராஸுக்கு டிரங்க் கால் பதிவு செய்தால் எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது.

மூன்றாம் முறை அதே எண்ணைப் பிடித்து, நீங்கள் யார், எங்கள் ஏஜென்டைத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் அடித்தேன். இங்கே புத்தாண்டு விடுமுறை, விசாரிக்க வேறு ஆள் இல்லை என்றும் சேர்த்தேன். என் காகிதத்தில் நான் அடிப்பது சிவப்பிலும் அந்தப் பக்கத்தில் இருந்தவர் அடிப்பது கறுப்பிலும் விழுந்தன. இந்த எண் இப்போது தங்களுடையது என்றார். பிறகு, ஆங்கில எழுத்திலேயே தமிழ் வந்தது.

"சார் தமிழா? ஊரே லீவாமே, நீங்க மட்டும் என்ன பாவம் பண்ணீங்க?"

அலுவலகத்துக்கு வந்ததிலிருந்து என்னோடு பேசிய முதல் தமிழ் அதுதான். தனியாகச் சிரித்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும், செய்தியைத் தன்னிடமே அடிக்கச் சொன்னார். தானே ஆள் விட்டுச் சேர்ப்பிப்பதாகச் சொன்னார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் யாரென்று எனக்கு எப்படித் தெரியும்?

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அவங்க பேரு என் பேப்பர்ல விழணும். புது நம்பர் மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்று அடித்தேன்.

இயந்திரம் அப்படியே நின்றது. கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார் என்றே நினைத்தேன். வெகுநேரம் கழித்துக் கறுப்பு எழுத்து ஓடியது. ஏஜென்ட் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டாராம். ஓர் எண்ணைக் கொடுத்தார்.

"இதுல பேரு வந்தா மட்டும் அனுப்புங்க. நீங்க செஞ்சதுதான் சரி சார்."

அந்த எண்ணைப் பிடித்து விசையை அழுத்தினேன். எங்கள் ஏஜென்டின் பெயர் எழுத்து எழுத்தாக விழுந்தது. செய்தியை அனுப்பினேன். டாக்டருக்குச் சொல்லியாயிற்று என்று சிறிது நேரத்தில் பதில் வந்தது.

மறுநாளும் விடுமுறை, மறுபடியும் நான் மட்டும். மாலையில் ஏஜென்டின் செய்தி வந்தது. பையனுக்குக் குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாம். அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது, பிழைத்துக்கொண்டான்.

நான் தோல் கம்பெனியின் எண்ணைப் பிடித்தேன். கம்பெனியின் பெயர் வந்தது. "அண்ணே" என்று அடித்துக் காத்திருந்தேன். பதில் இல்லை. ஆள் இல்லாத அறையிலும் அந்த இயந்திரம் பெயரைச் சொல்லும், செய்தியை வாங்கி வைக்கும். பையன் பிழைத்ததையும் என் நன்றியையும் அடித்தேன். செய்தியில் அடிப்பவன் பெயர் வரக்கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. இருந்தாலும் கடைசி வரியில் என் பெயரை மெதுவாக அடித்தேன். நான் யாரென்று அந்த ஒரு மனிதராவது தெரிந்துகொள்ளட்டும் என்று அன்றைக்குத் தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது.