பதினான்காவது வளைவில் மேலே போன தண்ணீர்

இருபத்திரண்டு வருடம் ஒரே மலைப்பாதையில் பேருந்து ஓட்டியவர் அவர். பணிமனையில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'பொறுமை' என்று கேட்டால் கை காட்டுவார்கள். ஒரு கோழி குறுக்கே வந்தால் போதும், அது சாலையைக் கடந்து, நின்று, யோசித்து, இனி திரும்பி வருவதில்லை என்று முடிவெடுக்கிற வரைக்கும் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டார். முன்னால் ஆள் இருந்தால் வண்டி நகராது. பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்து போவார்கள். அவருக்குக் கேட்கவே கேட்காது.

காலை ஐந்து நாற்பதுக்கு முதல் வண்டி. அதற்கு முன் ஒரு பழைய பனியன் துணியால் மூன்று கண்ணாடிகளையும் துடைப்பார். வெளியே இரண்டு, உள்ளே ஒன்று. துடைத்தபின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தள்ளிச் சரி செய்வார். மலை ஏறுகிறவன் முன்னால் பார்ப்பது பாதி, பின்னால் பார்ப்பது பாதி என்பது அவருடைய கணக்கு. பக்கவாட்டில் பார்ப்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

"கொடுத்து வச்சவர் சார் நீங்க. தினமும் இந்த அழகையெல்லாம் பாக்குறீங்க" என்று முன் இருக்கைப் பயணிகள் சொல்வதுண்டு.

"நான் பாக்குறது முன்னாடி போற லாரியோட பின்பக்கத்தைத்தாங்க" என்பார். பொய்யில்லை. அந்த மலையை அவர் கியர் கணக்கில்தான் அறிவார். இரண்டாவது கியர் பாலம், முதல் கியர் ஏற்றம், ஹாரன் அடிக்கிற பாறை. அவ்வளவுதான் அவருடைய இயற்கை.

ஒன்றே ஒன்றைத் தவிர.

மழையும் காற்றும் சேர்ந்து வருகிற சில வாரங்களில், பதினான்காவது வளைவில் வண்டியை இடப்பக்கம் ஒடித்துத் திருப்பும்போது, வலப்பக்கக் கண்ணாடியில் இரண்டே நொடி ஒரு கறுப்புப் பாறை வரும். பாறையின் விளிம்பில் விரல் நீளத்துக்கு வெள்ளையாய் ஒரு அருவி. அந்த அருவி கீழே விழவில்லை. மேலே போயிற்று.

முதல் தடவை பார்த்தபோது தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டார். மூன்றாவது வருடம் நடத்துனரிடம் சொன்னார். அவன் இரண்டு நாள் சிரித்தான். "அண்ணே, கண்ணாடி இடத்தை வலமா காட்டும். கீழை மேலா காட்டுற கண்ணாடி எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். பயணிகளிடம் கேட்டுப் பிரயோசனமில்லை. மழைக்கு ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, அந்த நேரத்தில் அத்தனை பேரும் தூங்கி வழிந்துகொண்டிருப்பார்கள். நிறுத்தி இறங்கிப் பார்க்கலாம் என்றால் வளைவில் வண்டியை நிறுத்துகிற ஓட்டுநரா அவர்? அதனால் அதைப் பற்றி வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

அப்படியே விட்டிருக்கலாம். வருடாந்திரக் கண் பரிசோதனையில் எழுத்துகளையெல்லாம் கடகடவென்று படித்து முடித்தார். எழுந்திருக்கும்போது டாக்டர் சும்மா ஒரு பேச்சுக்கு, "வேற ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று கேட்டார். வேறு எவனாக இருந்தாலும் இல்லை என்று சொல்லித் தப்பித்திருப்பான். நம் ஆளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"தொந்தரவுன்னு இல்லை டாக்டர். ஒரு இடத்துல மட்டும் தண்ணி மேல போற மாதிரி தெரியுது."

டாக்டர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

மறுநாள் பணிமனை மேலாளர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டர் எழுதிய காகிதத்தை மேசைமேல் தள்ளினார்.

"உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா பின்னாடி அம்பது உயிர் உக்காந்திருக்கு. டாக்டர் இப்படி எழுதிட்டாரு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"புரியுது சார்."

"ரெண்டு வாரம் உதிரிபாக ரூம்ல இருங்க. அதுக்குள்ள அந்தத் தண்ணியை வேற யாராவது பாத்ததுக்கு ஒரு அடையாளம் காட்டுங்க, டாக்டர்கிட்ட நானே பேசுறேன். இல்லன்னா அந்த ரூம்தான். எனக்கும் வேற வழி தெரியல."

உதிரிபாக அறையில் நட்டும் போல்ட்டும் அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அறைக்கு அவர் அஞ்சவில்லை. டாக்டர் எழுதியது சரியாக இருந்துவிட்டால்? அதற்குத்தான் அஞ்சினார். இல்லாததைப் பார்க்கிற கண்ணை நம்பியா இத்தனை வருடம் ஐம்பது ஐம்பது பேராக மலை ஏற்றினோம்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, குழாயை இப்படி முறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க? அது உங்களை என்ன பண்ணுச்சு?"

மனைவி. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் திரைச்சீலை தைக்கிறவர். வாய் ஓயாத மனுஷி. தையல் மெஷின் நின்றால்கூட அவர் பேச்சு நிற்காது என்று மகளே கேலி செய்வாள். அன்று மட்டும் முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு குழாயை மூடினார்.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு அலையுறீங்க? ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

"போயி?"

"போயி பாக்கலாம். ஊரையே மலைக்கு ஏத்தி இறக்குறீங்க. என்னை என்னிக்காவது ஒரு நாள் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?"

அவருக்குச் சுரீர் என்றது. நினைத்துப் பார்த்தால், இல்லைதான்.

மகள் படிக்கிற காலத்தில் வாங்கிய கேமரா ஒன்று அலமாரியில் கிடந்தது. வெளியூரிலிருந்த மகள் போனிலேயே பாடம் நடத்தினாள். பொத்தானைப் பாதி அழுத்தி நிறுத்தணும், கீச்சென்று ஒரு சத்தம் வரும், அப்புறம் முழுசா அழுத்தணும். "கிளச் மாதிரி" என்றார் இவர். அதன்பின் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"படத்துலயும் தண்ணி கீழதான் போகுதுன்னு வை" என்றார் மனைவியிடம், "நானே போயி இனி வண்டி வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன். இனிமே ஸ்டீயரிங்கைத் தொடறதில்ல."

மனைவி குடையைத் தேடப் போனார்.

ஞாயிறு காலை தன் வண்டியிலேயே அவர் பயணியாக ஏறினார். ஜன்னலோர இருக்கை. வளைவுக்கு வளைவு அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. "பிரேக்கு அங்க இல்லைங்க" என்று மனைவி காதோடு சொன்னார். ஏழாவது வளைவு வரைக்கும் ஓட்டுகிறவனின் கியரை மனசுக்குள் திருத்திக்கொண்டிருந்தார். பிறகு தற்செயலாகத் தலையைப் பக்கவாட்டில் திருப்பினார்.

இரண்டாவது கியர் பாலத்துக்குக் கீழே ஒரு ஓடை ஓடியது. இருபத்திரண்டு வருடம் அதன்மேல் போய் வந்திருக்கிறார், அங்கே தண்ணீர் இருப்பதே தெரியாது. தண்ணீர் அத்தனை தெளிவு. அடியில் கிடந்த கூழாங்கற்களின் நிறம் பேருந்து வரைக்கும் தெரிந்தது. ஹாரன் அடிக்கிற பாறை முழுவதும் பச்சைப் பாசி, பாசியில் அரிசி அளவுக்கு வெள்ளைப் பூ. முதல் கியர் ஏற்றத்தில் ஒரு மரம் உச்சி முதல் அடி வரை தளிர்விட்டுச் செக்கச்செவேல் என்று நின்றது. "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். நூறு வயதிருக்கும் அந்த மரத்துக்கு. கேமராவை எடுத்தார், பாதி அழுத்தி, கீச்சென்றதும் முழுக்க அழுத்தினார். மரம் உள்ளே வந்துவிட்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அடுத்த இரண்டு வளைவு போனது தெரியவில்லை. அந்த இரண்டு வளைவிலும் அவர் கால் பிரேக்கைத் தேடவும் இல்லை.

பதினான்காவது வளைவில் இறங்கிக்கொண்டார்கள். "அண்ணே, தண்ணி கீழ வந்தா ரெண்டு பாட்டில்ல பிடிச்சுட்டு வாங்க" என்று நடத்துனர் படியில் நின்று கத்திவிட்டுப் போனான்.

சாலையோரத் தடுப்புச் சுவருக்கு அப்பால் ஒற்றையடிப் பாதை. ஐம்பது அறுபது அடி நடந்ததும் தட்டையாக ஒரு கல்மேடை, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. எதிரே வெறும் மூடுபனி. எங்கேயோ தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. உட்கார்ந்தார்கள். கொண்டுபோன ரொட்டியைத் தின்றார்கள். ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு போயிற்று. மூன்றாவது மணியில் அவர், "வா, போகலாம். எனக்குத்தான் கண்ணு போச்சு" என்று எழுந்தார்.

"உக்காருங்க. ஒரு கோழிக்கு அரை மணி நேரம் நிக்கத் தெரியுது, இதுக்கு நிக்கத் தெரியலையா?"

உட்கார்ந்தார். அப்போதுதான் பள்ளத்திலிருந்து காற்று கிளம்பியது.

மூடுபனி ஒரு பக்கமாக உருண்டு விலகியது. கண்ணாடியில் விரல் நீளம் இருந்த பாறை எதிரே நின்றது. சாலை தெரிய வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டுகிற கண்ணாடி அது. அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும், ஆனாலும் இவ்வளவை எதிர்பார்க்கவில்லை. தலையை அண்ணாந்தும் உச்சி கிடைக்கவில்லை, குனிந்தும் அடி கிடைக்கவில்லை. பணிமனைக் கட்டடத்தை இருபது தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் இடுப்புக்கு வராது. உச்சியில் ஆறு ஒன்று விளிம்பு வரைக்கும் ஓடி வந்தது. விழப் போயிற்று. காற்று அதை விழ விடவில்லை. அப்படியே அள்ளி, வளைத்து, வந்த வழிக்கே மேலே எறிந்தது. ஆறு முழுவதும் வெள்ளையாக வானத்துக்கு ஏறி, மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

நிஜமாகவா? அவர் கண் பழக்க தோஷத்தில் வலப்பக்கம் மேலே போனது. சந்தேகம் வந்தால் கண்ணாடியைப் பார்க்கிற கண் அது. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் மனைவியின் முகம் இருந்தது. வாய் பிளந்து, தலை மெல்ல மெல்லப் பின்னுக்குச் சாய்ந்து, கண்கள் கீழிருந்து மேலே போய்க்கொண்டிருந்தன.

இத்தனை நாள் அவர் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மேலதானே போகுது?"

"மேலதாங்க. மேலதான் போகுது. ஐயோ, எப்படிங்க போகுது?" என்ற மனைவி உடனே விரித்திருந்த குடையைக் காட்டினார். குடையின் உட்பக்கம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. பள்ளத்திலிருந்து மழை மேலே பெய்துகொண்டிருந்தது. "படம் எடுங்க, படம் எடுங்க!"

எடுத்தார். இங்கேதான் ஓட்டுநர் புத்தி வேலை செய்தது. முன்னால் ஆள் நின்றால் வண்டியை எடுக்காதவர், கேமராவையும் அப்படியே வைத்துக்கொண்டார். "கொஞ்சம் தள்ளிக்கோ. இன்னும் தள்ளு." மனைவியின் கையோ குடையோ வந்தால் விலகும்வரை காத்திருந்து, எதிரே பாறையும் தண்ணீரும் மட்டும் இருக்கும்போது அழுத்தினார். பதினொரு படம். பன்னிரண்டாவதில் பாதி அழுத்தி நிறுத்தியிருக்கும்போது காற்று குடையைப் பறித்துக்கொண்டு போக, அதைத் துரத்திய மனைவி குறுக்கே வந்துவிட்டார். விரல் அதற்குள் முழுக்க அழுத்திவிட்டது.

"கெடுத்துட்டியே" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் ஆள் விலகாமல் அவர் எடுத்தது அது ஒன்றுதான்.

காற்று நின்றது. ஆறு மறுபடி சாதுவாகக் கீழே விழத் தொடங்கியது. இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனைவி பேசாமல் இருந்தார் என்பதிலிருந்தே அது எப்பேர்ப்பட்ட காட்சி என்று தெரிந்துகொள்ளலாம்.

படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, திங்களன்று மேலாளர் மேசையில் வைத்தார். மேலாளர் முதல் படத்தைப் பார்த்தார். பாறை, வெள்ளைத் தண்ணீர், மேலும் கீழும் சாம்பல் நிறப் பனி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, படத்தைத் தலைகீழாகத் திருப்பினார்.

"இப்பச் சரியா இருக்குதே. தண்ணி கீழதான் வருது."

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலாளர் இரண்டாவதைத் திருப்பினார், அதுவும் கீழே வந்தது. மூன்றாவது, நான்காவது. எதில்தான் மேல் எது, கீழ் எது என்று சொல்ல முடிந்தது? ஆளையெல்லாம் விலக்கி விலக்கி எடுத்த படங்கள். பதினொன்றாவதும் அப்படியே திரும்பியது.

"கோவிச்சுக்காதீங்க. இதை டாக்டர்கிட்ட எப்படிக் காட்டுறது?" என்றபடி மேலாளர் கடைசிப் படத்தை எடுத்தார்.

அதைத் திருப்பவில்லை.

கல்மேடையில் இரண்டு காலும் ஊன்றி ஒரு பெண். அவள் தலைமுடி அத்தனையும் செங்குத்தாக மேலே நின்றது. மோவாயிலிருந்து நெற்றியை நோக்கித் தண்ணீர் கோடு கோடாக ஓடியிருந்தது. தலைக்கு மேலே, கைக்கு எட்டாமல், குடை பறந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு ஆறு வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. குடையைத் துரத்தியதைக்கூட மறந்து, பாதி திரும்பி, அவள் அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். டாக்டர் எழுதிய காகிதத்தை எடுத்து அந்தப் படத்தோடு சேர்த்து ஒரு உறைக்குள் வைத்தார்.

"நானே கொண்டுபோய்க் காட்டுறேன். நாளைக்கு அஞ்சு நாப்பது வண்டியை நீங்களே எடுங்க" என்றார். பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, "அது எந்த வளைவுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மனைவி சண்டைக்கு வந்துவிட்டார். "அந்தப் படத்தையா காட்டினீங்க? வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறேனே அதுல! நல்லதா ஒண்ணுகூடவா இல்ல?"

"பதினொண்ணு இருந்துச்சு" என்றார் அவர். "நீ இல்லாத பதினொண்ணு. ஒண்ணும் நிக்கல."

மனைவி மெஷினை நிறுத்தினார். பேச்சையும் நிறுத்தினார்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல மூன்று கண்ணாடிகளையும் துடைத்தார். பதினான்காவது வளைவைத் தாண்டி, சாலை அகலமாகி அந்தப் பாறை தெரிகிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டினார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. நடத்துனர் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தான்.

"எல்லாரையும் எழுப்புடா" என்றார் அவர். "ஜன்னலைத் திறக்கச் சொல்லு."