எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயர்

அந்தக் கேக் பெட்டியின் வரைபடத்தை அழித்தது நீங்கள்தான், மேனேஜர் சார். வைரஸ் இல்லை, மின்வெட்டு இல்லை, டிசைனர் பெண்ணும் இல்லை. நீங்கள்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் பட்டறையில் எனக்குக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஃபேன் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அது போகட்டும். எங்கள் மேனேஜர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். எது பிடித்தாலும் ‘போன்’ என்பார். பிரெஞ்சில் நல்லது, சரி என்று அர்த்தமாம். டீ நன்றாக இருந்தால் போன். லாரி நேரத்துக்கு வந்தால் போன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை என்னிடம் வந்து, போன் ஃபைல் போய்விட்டது, பேக்கப்பிலிருந்து எடு என்றீர்கள். வாடிக்கையாளர்களின் போன் நம்பர் ஃபைல் என்று நினைத்துத் தேடினேன். அது பத்திரமாக இருந்தது. திறந்து காட்டினேன். உங்கள் முகம் சிவந்தது. அந்தப் போன் இல்லையாம், மூக்கால் சொல்ல வேண்டிய போனாம். கேக் கடைக்காரர் சம்மதித்த பெட்டியின் வரைபடத்துக்கு நீங்கள் வைத்த பெயராம்.

அதை வரைந்தவள் எங்கள் டிசைனர் பெண். வீராம்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அவள் வரைந்து வைப்பாள், பிடித்தால் நீங்களே பெயரை மாற்றிப் பொது ஃபோல்டரில் போடுவீர்கள். இப்போது அந்த ஃபைலைத் திறந்தால் கேக் பெட்டி இல்லை, ஊதுபத்தி டப்பா வந்தது. மாலைக்குள் கேக் பெட்டி கட்டிங்குக்குப் போக வேண்டும். அவள்தான் ஏதோ செய்துவிட்டாள், கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னீர்கள்.

பிறகு எனக்கு ஒரு உத்தரவு. எல்லாவற்றையும் புதன்கிழமை இருந்தது போல் ஆக்க வேண்டுமாம். செய்திருந்தால் அதற்குப் பிறகு மற்றவர்கள் செய்த வேலை எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும்.

“கல்யாண வீட்டுல ஒரு செருப்பு காணோம் சார்” என்றேன். “அதுக்காக வந்தவங்க எல்லாரையும் முந்தாநாளுக்குத் திரும்பிப் போவச் சொல்றீங்க.”

உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

எங்கள் பேக்கப் ஒன்றும் மந்திரம் இல்லை. தினமும் வேலை முடிந்ததும் ஃபைல்கள் அன்று எப்படி இருந்தனவோ அப்படியே ஒரு நகல் தனியாகச் சேரும். வேண்டிய நாளைத் திறந்து, வேண்டிய ஒரே ஃபைலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வியாழக்கிழமையைத் திறந்தேன். போன் இருந்தது, ஊதுபத்தி. புதன்கிழமையில் ஒரு போன், கேக் பெட்டி. அதோடு விட்டிருக்கலாம். எனக்கு அரிப்பு. செவ்வாயில் ஒரு போன், சோப்பு டப்பா. திங்களில் இன்னொரு போன், மிக்சர் டப்பா.

நீங்கள் சம்மதித்த ஒவ்வொன்றுக்கும் அதே பெயரை வைத்து அதே இடத்தில் போட்டிருக்கிறீர்கள். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருக்கிறது, பழையதை மாற்றிவிடவா என்று கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கும். அதற்கும் போன் என்று தட்டியிருப்பீர்கள். மற்றவை உடனுக்குடன் கட்டிங் போனதால் யாரும் தேடவில்லை. கேக் பெட்டி மட்டும் அட்டை வராமல் காத்திருந்தது.

அவள் திரையையே பார்த்தாள். “அப்போ என் பெட்டி மேலதான் சார் ஊதுபத்தி கொளுத்தினாராண்ணா?”

எடுத்ததை நேராகப் பழைய இடத்தில் போடவில்லை. போட்டால் ஊதுபத்தி போய்விடும். வேறு ஃபோல்டரில் வைத்து, அவளைத் திறந்து பார்க்கச் சொன்னேன். மடிப்பு, ஒட்டும் இடம், கைப்பிடி எல்லாம் சரி. கட்டிங்குக்கு அனுப்பினோம். பழைய போன்கள் எல்லாவற்றையும் உங்கள் திரையில் வரிசையாக அடுக்கி வைத்தேன், மிக்சர் முதல் ஊதுபத்தி வரை. வந்து பார்த்தீர்கள். “போன்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனீர்கள்.

சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு அவள் என்னிடம்தான் கேட்டாள்.

“திங்கக்கெழம வரலாமா வேணாமாண்ணா? வேணாம்னு சொன்னவரு வான்னு சொல்லலியே.”

வா என்றேன். வந்தாள், இன்றும் வருகிறாள். ஆனால் அவள்தான் ஃபைலைத் தொலைத்தாள் என்று கட்டிங் ஆட்கள் இன்னும் கிண்டல் செய்கிறார்கள். நீங்கள் சொன்னதைத்தானே அவர்கள் கேட்டார்கள்.

அதே சாப்பாட்டுக் கூடத்தில், எல்லாரும் இருக்கும்போது, தமிழில் பதில் சொல்லுங்கள் சார். அந்தப் பெண் மேல் தப்பு இருந்ததா, இல்லையா?