ஐந்தாவது கட்டம்

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வானம் மூடியிருக்கிறது. மழை இல்லை, காற்றும் இல்லை, புழுக்கம். மாடியில் குடியிருப்பவர்களின் பெண் சுகன்யா படியிறங்கி வந்தாள். பதினாறு படி. அவள் எப்போதும் கடைசி இரண்டை விட்டுவிட்டுக் குதிப்பாள். என்றைக்காவது கணுக்கால் பிசகப் போகிறது என்று நான் சொல்லாத நாளில்லை. அவள் கேட்ட நாளும் இல்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கையில் ஒரு தாள்.

"தாத்தா, ஒரு டவுட்டு. இத்த எப்டி ஃபில் பண்றது?"

தாளின் தலைப்பு, 'நேர்மறை வகுப்பறை மேலாண்மை: உற்றுநோக்கல் படிவம்'. கீழே நான்கு கட்டங்கள். பாராட்டு, கைதட்டல், நினைவூட்டல், கண்டிப்பு. ஆசிரியர் பாடம் நடத்தும்போது ஒருவர் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் நிகழும்போது அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். எனக்கு மூக்கில் மண்ணெண்ணெய் வாடை ஏறியது. தாளில் ஒரு வாடையும் இல்லை, கணினியில் அச்சடித்தது. வாடை என் தலைக்குள்ளிருந்து வந்தது.

"அஞ்சாவது கட்டம் எங்கம்மா?"

"அஞ்சாவதா? அது இன்னா தாத்தா?"

"அடி."

அவள் சிரித்துவிட்டாள். "இப்பல்லாம் யாரு தாத்தா அடிக்கிறாங்க? ஒரு பையன் வீடியோ எடுத்துப் போட்டா முடிஞ்சுது கத."

மண்ணெண்ணெய் வாடைக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன், பெரிய காஞ்சிபுரத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நான் விரிவுரையாளராக இருந்தேன். அங்கே ஒரு ஸ்டென்சில் மெஷின் இருந்தது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற நகல் விழும். மை அப்பிய கையை மண்ணெண்ணெய் விட்டுத்தான் கழுவ வேண்டும். இதே மாதிரி ஒரு படிவத்தை நானே தயாரித்து, நானே சுற்றி, நாற்பது பயிற்சி ஆசிரியர்களுக்கும் கொடுத்தேன். வெளிநாட்டுப் புத்தகம் எதையும் பார்த்துச் செய்யவில்லை. எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். "எண்ணாம ஒரு வாய் சோறு எறங்காதே உங்களுக்கு" என்பாள் என் மனைவி. அதையும் அவள் எத்தனை முறை சொன்னாள் என்று ஒரு வருடம் குறித்து வைத்திருந்தேன்.

அப்போது எல்லாப் பள்ளியிலும் அடி இருந்தது. அடிக்கக் கூடாதென்று அரசாணை வர இன்னும் சில வருடங்கள் இருந்தன. நான் மட்டும் பிரம்பில்லாமல் வகுப்பை நடத்தலாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு கண்டிப்புக்கு நான்கு பாராட்டு என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். சத்தம் அதிகமானால் கத்தக் கூடாது. ஆசிரியர் இருமுறை கை தட்ட வேண்டும், பிள்ளைகள் இருமுறை திருப்பித் தட்டிவிட்டு அமைதியாக வேண்டும். அடி என்ற ஐந்தாவது கட்டத்தைப் போட்டதே அது காலியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

பயிற்சிக்காக எங்களுக்கு ஒதுக்கியிருந்தது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. அங்கே போகிற தெருவில் இருபத்திரண்டு வீடுகளில் தறிச்சத்தம் கேட்கும். தலைமை ஆசிரியர் பருத்த மனிதர், கெட்டவர் இல்லை. பயிற்சி ஆசிரியர்கள் பிரம்பைத் தொடக் கூடாது என்று நான் போட்ட நிபந்தனைதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"நாப்பது பேரு வருவீங்க, நாப்பது நாள் இருந்துட்டுப் பூடுவீங்க. அப்பாலிக்கா இதுங்கள மேய்க்கிறவன் நானுதானே சார்?" என்றார். பிறகு அவரே ஒரு பந்தயம் வைத்தார். "நீங்களே வந்து மூணாங் கிளாஸுக்கு ஒரு பாடம் எடுங்க. நாப்பது நிமிஷம், கையில குச்சி இல்லாம. ஒரு அடி வுழாம முடிச்சிட்டீங்கன்னா, இந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கிற ஏழு பிரம்பையும் நானே ஒடச்சி அடுப்புல வெச்சிடறேன். வுழுந்துச்சின்னா, உங்க புள்ளைங்களும் பிரம்பு எடுத்துக்கணும். சரியா?"

சரி என்றேன். ஏழு ஆசிரியர், ஏழு பிரம்பு.

கோடு போட சாந்தகுமாரியை உட்கார வைத்தேன். திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு சமண விவசாயக் குடும்பத்துப் பெண். இருட்டுவதற்குள் சாப்பிட்டாக வேண்டிய வீடு. நாலரை மணிக்குமேல் ஒரு நிமிடம் தங்கமாட்டாள். நாற்பது பேரில் அவளுடைய படிவத்தை மட்டும் நான் திருத்தவேண்டி வந்ததில்லை. அவளுடைய செய்முறை நோட்டு அப்போது என் மேசைமேல் இருந்தது. ஐம்பது மதிப்பெண். இன்னும் போட்டிருக்கவில்லை. இதை மறந்துவிடாதீர்கள்.

ஆடி மாதக் கடைசி. ஐம்பத்திரண்டு பிள்ளைகள் தரையில் ஐந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டார். மற்ற முப்பத்தொன்பது பேரும் இரண்டு ஜன்னல்களில் முட்டி மோதினார்கள். அறையின் பின்பக்கம் ஒரு பெரிய தூண். அதன் பின்னால், கடைசி வரிசைக்குப் பக்கத்தில், சாந்தகுமாரி.

கடன் வாங்கிக் கழித்தல் நடத்தினேன். நன்றாகத்தான் போனது. பாராட்டினேன், பாராட்டிக்கொண்டே மனத்துக்குள் எண்ணினேன். பதினெட்டு, பத்தொன்பது. சத்தம் எழும்போது இருமுறை கை தட்டினேன். பிள்ளைகளும் தட்டினார்கள். அப்போதுதான் கடைசி வரிசையில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். நான் கை தட்டியதும் அவள் தட்டவில்லை. வலது கையைச் சட்டென்று பக்கவாட்டில் வீசினாள். பக்கத்துப் பெண்ணின் சிலேட்டு எகிறி விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

"கோமளா, கைய மடியில வெச்சுக்கம்மா" என்றேன். பெயர்களை முன்தினமே மனப்பாடம் செய்திருந்தேன். அடுத்த முறை கை தட்டினேன், அவள் கை மறுபடி வீசியது. இரண்டாவது நினைவூட்டல். மறுபடி, மூன்றாவது. அவள் முகத்தில் சிரிப்புமில்லை, பயமுமில்லை. பாதி மூடின கண்ணோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் திமிர் என்று படித்தேன்.

முப்பத்தோராவது நிமிடம். வாசலில் தலைமை ஆசிரியர் வாயைப் பொத்திச் சிரிப்பது தெரிந்தது. நான் கணக்குப் பார்ப்பது போலப் பிள்ளைகளுக்கு நடுவே நடந்து தூணுக்குப் பின்னால் போனேன். அங்கிருந்து கை தட்டினேன். வேண்டுமென்றேதான் தட்டினேன், அவள் செய்கிறாளா என்று பார்க்க. செய்தாள். கரும்பலகையில் கோடு போடுவதற்காகக் கையில் வைத்திருந்த மரஸ்கேல் அவள் விரல் முட்டியில் விழுந்தது.

'விழுந்தது' என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். அடித்தேன்.

வாசலிலிருந்து பார்த்தால் தூண்தான் தெரியும். ஜன்னலிலிருந்தும் அப்படியே. ஐம்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் தெரியும், ஆனால் பிள்ளைகளை யார் கேட்கப் போகிறார்கள்? கோமளா அழவில்லை. கையை எடுத்துப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டாள். மீதி ஒன்பது நிமிடத்தில் இன்னும் பத்துப் பாராட்டுகளைப் போட்டுப் பாடத்தை முடித்தேன்.

படிவத்தை எல்லார் முன்னாலும் படிப்பதற்கு முன் பத்து நிமிட இடைவேளை. சாந்தகுமாரி தண்ணீர்க் குழாயண்டை நின்றிருந்தாள். படிவத்தை மார்போடு அணைத்திருந்தாள். நான் போய் முகம் கழுவினேன், கழுவ வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

"அந்த அஞ்சாவது கட்டம்... நீ உட்கார்ந்திருந்த எடத்துலேர்ந்து பட்டுதா படலையான்னு சரியா தெரிஞ்சிருக்காதும்மா."

"சத்தம் கேட்டுது சார்."

"ஒரு அடிக்காக ஏழு பிரம்பு பொழைக்கும். யோசிச்சுப் பாரு."

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

"உன் செய்முறை நோட்டு இன்னும் என் மேசைலதான் இருக்குதும்மா" என்றேன்.

ஏழு சொல். எத்தனையோ முறை எண்ணிப் பார்த்துவிட்டேன், குறையவே இல்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். குழாய் மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள்தான் மூடினாள்.

மணி அடித்தது. முப்பத்தொன்பது பேரும், ஏழு ஆசிரியர்களும், தலைமை ஆசிரியரும் வராந்தாவில் கூடினார்கள். "படிம்மா" என்றார் அவர்.

"பாராட்டு, இருபத்தொம்போது. கைதட்டல், எட்டு. நினைவூட்டல், பதினொன்னு. கண்டிப்பு, நாலு."

நிறுத்தினாள். என் காதில் தெருவிலிருந்து தறிகளின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதைக்கூட எண்ண முடியவில்லை.

"அஞ்சாவது கட்டத்துல இன்னாம்மா?"

"ஒன்னு சார்" என்றாள். பிறகு, யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்பது போல, "அடி, ஒன்னு."

தலைமை ஆசிரியர் கைகொட்டிச் சிரித்தார். "இன்னா சார், நீங்களேவா?" அந்தச் சிரிப்பில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது, தன்னைப் போல இன்னொருவன் கிடைத்த ஆறுதல். மறுநாள் முதல் பயிற்சி ஆசிரியர்கள் மேசையிலும் பிரம்பு வந்தது. சாந்தகுமாரி தனக்குக் கொடுத்ததை உலக வரைபடத்தை மாட்டித் தொங்கவிடப் பயன்படுத்தினாள்.

சாயங்காலம் அவள் நோட்டை எடுத்து மூன்று முறை கூட்டிப் பார்த்து நாற்பத்தொன்று போட்டேன். ஒன்று குறைத்தால் பழி, ஒன்று கூட்டினால் லஞ்சம். அவளிடம் கொடுத்தபோது, குழாயண்டை சொன்னதற்கு வருந்துகிறேன் என்றேன்.

"என்னாண்ட கேட்டுட்டீங்க. அந்தப் புள்ளையாண்ட கேட்டீங்களா சார்?"

கேட்கவில்லை. நாற்பத்தாறு வயது விரிவுரையாளர் எட்டு வயதுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. என் வகுப்புகள் இல்லாத பிற்பகல் வெள்ளிக்கிழமை ஒன்றுதான். முதல் வெள்ளிக்கிழமை போனேன். கோமளாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, "அடிச்சது தப்பும்மா" என்றேன். அவள் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். சிலேட்டு பறிகொடுத்த பக்கத்துப் பெண்தான் பேசினாள்.

"அவ வேணும்னு பண்ல சார். அவுங்கூட்ல காலைல கோர்வ போடறா. அவுங்கப்பா பலக அடிச்சாருன்னா இவ இந்தாண்டேர்ந்து நாடாவ வுடணும். கை தட்டுனா அவளுக்குத் தானா வந்துடுது சார்."

புடவையின் கரைக்கும் உடலுக்கும் வேறு நிறம் வைத்து இணைத்து நெய்வதுதான் கோர்வை. நெய்கிறவருக்கு ஓரத்தில் ஒரு துணை வேண்டும். பலகை விழும் சத்தம் கேட்டதும் நூல் சுற்றிய நாடாவை அந்தத் துணை தன் பக்கத்திலிருந்து விட வேண்டும். விடிவதற்கு முன்பே எழுந்து அதைச் செய்துவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு பள்ளிக்கூடம் வந்த பெண். நான் தட்டினேன், அவள் கை நாடா விட்டது. பிரம்புக்குப் பதிலாக நான் கண்டுபிடித்த கைதட்டலே அவள் கையை ஆட்டுவித்திருக்கிறது. அதற்குத்தான் அடித்தேன். பதினான்கு வருடம் அந்தத் தெருக்களில் நடந்தவன், தறிகளை எண்ணினேனே தவிர ஒரு வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்ததில்லை.

பாடத்துக்கு முன்பெல்லாம் எந்தக் கேள்விக்கும் கை தூக்குகிறவள்தான் கோமளா என்று வகுப்பாசிரியை சொன்னார். அந்தக் கை இப்போது உயரவில்லை. விடுமுறை நாள் தவிர வெள்ளிதோறும் கடைசிப் பீரியட் போனேன். கை தட்டுவதை விட்டேன். பாராட்டினேன். தலைமை ஆசிரியர், "வெள்ளிக்கிழம பூஜைக்கு வந்துட்டீங்களா?" என்பார். ஆறாவது வெள்ளியன்று சாந்தகுமாரி வாசலில் மறித்தாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க பாராட்டும்போது உங்க ஒதடு எண்ணிக்கினே இருக்குது. புள்ளைங்களுக்குத் தெரியுது சார்."

எனக்குக் கோபம் வந்தது. உதட்டை அடக்கிக்கொண்டேன், விரல் எண்ணியது. விரலை மடக்கினேன், செருப்புக்குள் கால் கட்டைவிரல் எண்ணியது. சிரிக்காதீர்கள். இதற்கிடையில் நாற்பது நாள் முடிந்து பயிற்சி ஆசிரியர்கள் போய்விட்டார்கள். நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன்.

மார்கழி பிறந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை. சட்டைப் பையில் பென்சில் இல்லை, எங்கேயோ விழுந்திருந்தது. அதைத் தேடிக்கொண்டே, எந்தத் திட்டமும் இல்லாமல், "கோர்வைக்கு ரெண்டு நாடாதானே?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது. கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வலது கை.

"மூணு சார்" என்றாள் கோமளா. "ரெண்டுன்னு யாரு சொன்னாங்க உனுக்கு?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பீரியடில் எத்தனை பாராட்டு என்று எனக்குத் தெரியாது.

ஏழு பிரம்பும் அரசாணை வரும்வரை இருந்தன. பயிற்சி நிறுவனத்தில் கடைசி வருடம் சேர்ந்தவர்கள் நான்கு பேர். அடுத்த வருடம் பூட்டிவிட்டார்கள். அந்தப் பள்ளியின் இடத்தில் இப்போது பட்டு எடுக்க வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. போன மாதம் எண்ணினேன், பத்தொன்பது. தூணைக் காணோம். சாந்தகுமாரி வேலை கிடைத்து எந்தப் பக்கமோ போனாள், கொஞ்ச காலம் வந்த கடிதமும் நின்றுவிட்டது. கோமளாவுக்கு முப்பத்தாறு வயது இருக்கும். எங்கே இருக்கிறாள் என்று கேட்க ஆளில்லை. ஐந்தாவது கட்டமும் போய்விட்டது. அது போனது நல்லதுதான்.

சுகன்யா இவ்வளவையும் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டாள். போனை ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

"செரி தாத்தா, ஒரு கண்டிப்புக்கு நாலு பாராட்டுன்னு வெச்சிருந்தீங்க. ஒரு அடிக்கு எத்தினி?"

சொன்னேன்.

பதினேழு வெள்ளிக்கிழமை.