காயவைத்த குளம்

பெயிண்டர் வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும் எல்லாரும் அவரைப் பெயிண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் மனைவி வழுக்கி விழுந்து, இடுப்பெலும்புக்கு ஆபரேஷன் ஆகி, பின்பக்க ஜன்னலோரம் சக்கர நாற்காலியே கதி என்று உட்கார்ந்துவிட்டாள். எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. பயம்தான் போகவில்லை. தரையில் கால் வைக்கச் சொன்னாலே முகம் வெளிறும். பெயிண்டர் கெஞ்சிப் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். கடைசியில் ஜன்னலுக்கு நேரே ஒரு குட்டிக் குளம் வெட்டினார். பக்கத்தில் போய்ப் பார்க்கவாவது எழுந்துவர மாட்டாளா என்ற நப்பாசை.

பிளாஸ்டிக் விரிப்பு போதுமே என்றார் மருமகன். மனிதர் காதில் போட்டுக்கொண்டால்தானே? களிமண்ணை வரவழைத்துக் குழைத்துப் பூசினார். அதுவும் எப்படி? ஒரு பூச்சு, காயவிடு. அடுத்த பூச்சு, காயவிடு. ஆயுசு முழுக்கச் சுவரோடு பழகிய கை வேறென்ன செய்யும்? வெடித்த இடங்களுக்குப் பட்டி பார்த்து, வழவழவென்று தேய்த்துவிட்டுத் தண்ணீர் விட்டார். காலையில் பார்த்தால் குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஜன்னலில் சிரிப்புச் சத்தம். விழுந்த நாளிலிருந்து கேட்காத சத்தம். பெயிண்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, கூடவே சந்தோஷமும்.

"ஏங்க, அது என்ன சுவரா? காஞ்சா வெடிக்கத்தானே செய்யும்? ஈரத்தோட மிதிங்க" என்றாள்.

எல்லாவற்றையும் கொத்திக் கிளறி, தண்ணீர் தெளித்து மிதிக்க ஆரம்பித்தார். நாலு மிதி மிதிப்பதற்குள் சறுக்கித் தொப்பென்று மல்லாந்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் தலைமுடி வரை சேறாகி எழுந்து உட்கார்ந்தார்.

"வலிக்கவே இல்லடி. மெத்தை மாதிரி இருக்கு."

அவள் அந்தச் சேற்றையே உற்றுப் பார்த்தாள். பிறகு, நாற்காலியைக் குளத்தோரம் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள்.

"விட்டுடாதீங்க" என்றபடி அவர் தோளைப் பிடித்து இறங்கினாள். ஒரு மிதி, இன்னொரு மிதி. களிமண் பாதத்தைக் கவ்விப் பிடித்தது. பெயிண்டர் மூச்சுவிடவும் பயந்தார். கண்ணைத் துடைக்கக் கை இல்லை. இரண்டு கையாலும் அவளைப் பிடித்திருந்தார்.

அவளை மேலேற்றி உட்காரவைத்துவிட்டு, மிச்சத்தையும் மிதித்து இறுக்கி, கரணையால் மெழுகினார். சுவரில் ஒரு பிரஷ் தடம் தெரிந்தாலும் பொறுக்காத மனிதர், அவள் கடைசியாக மிதித்த இடத்தை மட்டும் தொடவில்லை. காய விடாமல் அப்போதே தண்ணீர் நிரப்பினார்.

காலையில் தண்ணீர் அப்படியே நின்றது. அதைச் சொல்ல ஜன்னலைப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. அவள் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.