மூன்றாவது வரிசை எழுந்து நின்றது

சிலிபின் சடக்கில், சாலையோரமாக நடந்துகொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி இருக்கும். தோளில் ஒரு கோணிச் சாக்கு. சாக்குக்குள் ஒன்றரை அடி நீளத்தில் ஒரு தண்டவாளத் துண்டு. ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் தோள் மாற்ற வேண்டியிருந்தது.

பின்னால், ஈப்போ டவுனில், ஒரு மண்டபம். ஒரு மணி நேரத்துக்கு முன்பு அங்கே பலமாகக் கை தட்டினார்கள். எனக்கும் சேர்த்துத்தான். பிறகு எதற்கு இந்த நடை?

இந்தப் பத்தியை வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் — எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. தோட்டத்தை விட்டு நடந்தேன். ஈயம் தோண்டும் லம்பத்தை விட்டு நடந்தேன். மாமியார் வீட்டை விட்டும் ஒருமுறை நடந்திருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இந்த நடையை மட்டும் எழுதவில்லை. ஏழெட்டு வருஷம் ஆகிறது.

போன வாரம் எழுதும்படி ஆகிவிட்டது. காரணம் ஒரு துண்டுத்தாள். தலைநகர் கே.எல். போய்வந்த நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். ஏதோ நடன நிகழ்ச்சிக்கான விளம்பரம். வழவழப்பான தாள், நடுவில் படம். ஏழு இளம் பெண்கள் நாற்காலிகளிலிருந்து பாதி எழுந்த நிலையில் நிற்கிறார்கள். ஒருத்தி மட்டும் குனிந்து, நாற்காலிக்கு அடியில் எதையோ தேடுகிறாள்.

"அழகா இருக்கு இல்ல?" என்றார் நண்பர். "இந்தப் பொண்ணு என்னத்தத் தேடுதுன்னுதான் புரியல."

எனக்குப் புரிந்தது. பால் வாளியைத் தேடுகிறாள். முதன்முதலில் அப்படித் தேடியது என் அக்கா.

அந்த நாட்களில் நான் ஸ்டான்லி வீட்டில் தங்கியிருந்தேன். ஸ்டான்லி, சிலிபின்காரன். சர்ச்சில் கிட்டார் கற்றவன். லாரி பட்டறையில் வெல்டிங் வேலை. அவனும் நானும் ஆ சோங் என்ற சீனப் பையனும் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தோம். ஊரிலுள்ள மற்ற பேண்டுகள் கல்யாண விருந்துகளில் சினிமாப் பாட்டு வாசித்தன. நாங்கள் ஒரே ஒரு கல்யாணத்தில் வாசித்தோம். மூன்றாவது பாட்டில் மாப்பிள்ளையின் மாமா வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஸ்டான்லி கிட்டார் கம்பியின் மேல் இரும்பு அரத்தை வைத்து இழுப்பான். ஆ சோங் ரெக்கார்டரில் டேப்பைப் பின்பக்கமாக ஓட்டுவான். நான் இரும்பு அடிப்பேன் — எண்ணெய்ப் பீப்பாய், கார் ரிம், அப்புறம் இந்தத் தண்டவாளம். இது என்ன இசை என்று யாராவது கேட்டால், "இன்னும் பேர் வெக்கல" என்பான் ஸ்டான்லி.

மிஸ் லிம் மட்டும் பேர் கேட்கவில்லை. கே.எல்.லில் மாடர்ன் டான்ஸ் குழு நடத்தியவர். வெளிநாட்டில் படித்தவர். ரப்பர்ப் பால் வெட்டும் கித்தாத் தோட்டத்து வாழ்க்கையை வைத்து ஒரு நடனம் செய்யப் போவதாகவும், அதற்கு எங்கள் சத்தம்தான் வேண்டும் என்றும் பட்டறைக்கே தேடி வந்தார். ஆறு வாரம் ஒத்திகை. மோசமானவர் இல்லை. ஆட்டக்காரர்களுக்கு வாங்கும் அதே மீ கோரேங்கை எங்களுக்கும் வாங்கி, தரையில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்.

அவர் பேசுவது இங்கிலீஷ். நான் படித்தது தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை. அதனால் நடுவில் ஸ்டான்லி.

"கைக்குத் தெரிஞ்சதையெல்லாம் மறந்துடணுமாம், மச்சான். தாளமே இருக்கக் கூடாதாம்."

"மறந்துட்டா எப்படிலா அடிக்கிறது?"

"அதான் மாடர்ன்."

சிரித்தோம். ஆனால் எனக்கு அது விளையாட்டு இல்லை. ஈப்போவில் ஒரு காட்சி. அது நன்றாகப் போனால் கே.எல்.லில் ஐந்து காட்சி. பிறகு எங்களைக் குழுவிலேயே நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வதாகப் பேச்சு. தங்க இடம் உண்டு. இரும்பு அடிப்பது இவன் வேலை என்று ஒரு தாளில் எழுதித் தருவார்கள். முப்பது வயது வரை அப்படி ஒரு தாள் எனக்கு இருந்ததில்லை. அக்காவிடம் சொன்னேன். அவள் தோட்டத்து லய வீடுகளில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டாள்.

தண்டவாளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். பள்ளியை விட்டதும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பெரட்டு மணி அடிப்பது. பெரட்டு என்றால் விடியற்காலை ஆள் கணக்கு. ஆபீஸ் முன்னால் எல்லாரும் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். வேலை வாங்கும் தண்டல் பேர் கூப்பிடுவார். கூப்பிடும்போது இல்லாதவருக்கு அன்றைக்கு வேலை இல்லை.

மணி என்று தனியாக ஒன்று கிடையாது. மரத்தில் தொங்கிய இந்தத் தண்டவாளத் துண்டுதான். மூன்று அடி நிதானமாக. ஒரு மூச்சு நிறுத்தம். பிறகு பொலபொலவென்று ஏழெட்டு. நான்கு வருஷம் அடித்தேன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஆளுக்கு ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நான் இதைத் தூக்கினேன். அக்கா பக்கத்துத் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போனாள். அங்கேயும் ஒரு தண்டவாளம் தொங்கியது. அங்கேயும் அதே மூன்று அடி.

காட்சி, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. தோட்டத்து ஜனங்களும் வந்து பார்க்க வேண்டும் என்று மிஸ் லிம் ஆசைப்பட்டார். அக்காவும் இன்னும் ஆறு பெண்களும் தோட்ட லாரியில் வந்து இறங்கினார்கள். நைலக்ஸ் சேலை, பவுடர், தலையில் பூ. மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார்கள். முன்னாலும் பின்னாலும் டவுன் பெரிய மனிதர்கள்.

அன்று காலையும் அவர்கள் பால் மரம் வெட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ஞாயிறு என்று மரத்துக்குத் தெரியுமா? நான்கு மணிக்கு எழுந்தவர்கள். மண்டபத்தில் இருட்டு, மெத்தை நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன். பத்தே நிமிஷம்... ஏழு பேரும் தூங்கிவிட்டார்கள். நான் மேடை ஓரத்திலிருந்து பார்த்தேன். அக்கா பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்திருந்தாள். ஸ்டான்லி அரத்தை இழுத்த இழுப்புக்கு எங்கோ ஒரு குழந்தை அழுதது. இவர்கள் அசையவில்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

நடுவில் ஒரு கட்டம். விளக்கெல்லாம் அணைந்துவிடும். முழு இருட்டில் நான் மட்டும் அடிக்க வேண்டும். தாளமில்லாமல்.

விளக்கு அணைந்தது. சுத்தியலைத் தூக்கினேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஆறு வாரப் பழக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. இருட்டு, கையில் சுத்தியல், முன்னால் அந்த இரும்பு... கை எனக்காகக் காத்திருக்கவில்லை.

டங்... டங்... டங்.

ஒரு மூச்சு நிறுத்தம். பிறகு பொலபொலவென்று.

விளக்கு எரிந்தபோது மூன்றாவது வரிசை எழுந்து நின்றுகொண்டிருந்தது. ஏழு பேரும். கைகள் பக்கவாட்டில் ஒட்டி, முகம் நேராக, கண் மட்டும் இன்னும் விழிக்காமல். அக்கா குனிந்து நாற்காலிக்கு அடியில் துழாவினாள். வாளி கிடைக்காத பதற்றத்தில் பக்கத்து நாற்காலிக்கு அடியிலும் துழாவினாள்.

முதலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்... கைதட்டல் தொடங்கியது. மண்டபம் முழுக்கத் தட்டியது. அந்த ஏழு பேருக்கும் உட்காரலாமா கூடாதா என்று தெரியவில்லை. பேர் கூப்பிடும் வரை உட்காரக் கூடாது என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த சட்டம். அக்காதான் முதலில் சுதாரித்தாள். மற்றவர்களின் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

காட்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஸ்டான்லி என்னைக் கட்டிப்பிடித்தான்.

"மச்சான், மிஸ் லிம் அழுதுட்டாங்க. நெஜமா. இப்படி ஒன்னு எங்கயும் பாத்ததில்லையாம்."

"அது தப்புடா. என் கை செஞ்ச தப்பு."

"அந்தத் தப்ப அப்படியே வெச்சுக்கலாங்குறாங்க. ஏழு பேரையும் கே.எல். கூட்டிட்டுப் போலாமாம். சாப்பாடு, ஹோட்டல் எல்லாம் இருக்கு. ஜனங்களோட ஜனமா உக்காந்திருக்கணும். மணி அடிச்சா எந்திரிக்கணும். அவ்ளோதான்லா."

"அது நடிப்பு இல்லடா. பயம்."

அதை அவன் இங்கிலீஷில் சொன்னான். பக்கத்தில் வந்து நின்ற மிஸ் லிம் என்னைப் பார்த்து மெதுவாக, மரியாதையாக ஏதோ சொன்னார்.

"அதனாலதான் வேணுமாம்" என்றான் ஸ்டான்லி.

"அவங்க வரலன்னா?"

இதை அவன் அவரிடம் கேட்கவே இல்லை. அவனே சொன்னான். "வரலன்னா மணி வேணாம். மணி வேணாம்னா..." கிட்டார் வயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

லாரி மண்டபத்துக்குப் பின்னால் நின்றது. அக்கா கீழே நின்றிருந்தாள். மற்றவர்கள் ஏறிவிட்டார்கள்.

"வாளியத் தேடுனியாக்கா?"

"நான் தேடல. கை தேடிருச்சு."

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயைத் திறப்பதற்குள் ஸ்டான்லி பின்னாலேயே வந்து கே.எல். விஷயத்தை முழுக்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டான்.

"எந்திரிக்கத்தானே சொல்றாங்க?" என்றாள் அக்கா.

"அவங்க சிரிச்சாங்கக்கா."

"சிரிச்சிட்டுப் போறாங்க. இருவத்தஞ்சு வருசமா எந்திரிக்கிறேன், ஒரு நாய் கை தட்டல. இங்கயாச்சும் தட்டுனாங்க."

"தூங்குற மாதிரி நடிக்கணும்."

"நடிக்கவே வேணாம். உங்க பாட்டக் கேட்டா தூக்கம் தானா வருது."

லாரி முழுக்கச் சிரிப்பு. "எனக்கு ஃபேனுக்கு நேரா சீட்டு போடச் சொல்லு தம்பி" என்று மேலேயிருந்து ஒரு குரல். அக்காவும் சிரித்தாள். பிறகு என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"உன் எடம் இதுலதான இருக்கு? எத்தன மணிக்கு எந்திரிக்கணும்னு மட்டும் கேட்டுட்டு வா. லீவு சொல்லணும்."

உள்ளே போனேன். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. தண்டவாளத்தின் கயிற்றை அவிழ்த்தேன்.

"எங்கலா போற?" என்றான் ஸ்டான்லி.

"இது என் சாமான். கொண்டுபோறேன்."

"மச்சான், உனக்கு மட்டும் இல்ல, எங்களுக்கும் சேத்து சூசா பண்ணாத."

அவனுக்கும் சூசாதான் — தொல்லைதான். அவன் சொன்னதில் தப்பு இல்லை.

வெளியே வந்து அக்காவிடம் பொய் சொன்னேன். "வேணாமாம்கா. அப்புறம் யோசிச்சுப் பாத்தாங்க. சரியா வராதாம்."

அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

"அப்ப உன் எடம்?"

"அதுவும் இல்ல."

சாக்கைப் பார்த்தாள். "நான் எந்திரிச்சது சரியில்லையா தம்பி? தூக்கத்துல சட்டுன்னு தெரியல. முன்னாடியே சொல்லியிருந்தா நேரா நின்னிருப்பேன்."

லாரி கிளம்பிவிட்டது.

ஸ்டான்லி வீட்டைத் தாண்டித்தான் நடந்தேன். உள்ளே என்னுடைய இரண்டு சட்டைகள் இருந்தன. எடுக்கவில்லை. ஜெலாப்பாங்கில் ஒரு காப்பிக்கடை வாசல் நடைபாதையில், அஞ்சடியில், சாக்கைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். மழை பெய்ததால் கொசு இல்லை.

மூன்றாவது வரிசை எழுந்து நின்ற காட்சி போனால் போகட்டும் என்று மிஸ் லிம் விட்டுவிடவில்லை. துண்டுத்தாளைப் பார்த்தால் தெரிகிறது. இப்போது பயிற்சி பெற்ற பெண்கள் எழுந்து நிற்கிறார்கள். கை எந்த இடத்தில் நடுங்க வேண்டுமோ அந்த இடத்தில் நடுங்கும். அக்கா பேர் அந்தத் தாளில் இல்லை. இருந்தாலும் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கலைக்கு உண்மை வேண்டும் என்கிறார்கள், சரி... அதை ஏன் எப்போதும் மூன்றாவது வரிசையில் தூங்குகிறவர்களிடமிருந்தே எடுக்கிறார்கள்?

தாளை அவளிடம் காட்டவில்லை. காட்டினால், இந்தப் பெண்கள் தன்னைவிட நேராக நிற்கிறார்களா என்றுதான் பார்ப்பாள்.

மறுநாள் காலை ஜெலாப்பாங்கில் பழைய இரும்புக் கடை ஒன்றில் போய் நின்றேன். என்ன வேலை தெரியும் என்று கடை முதலாளி தவுக்கே மலாயில் கேட்டார். இரும்பு அடிப்பேன் என்றேன். ஒரு பெரிய சம்மட்டியைக் கொடுத்து, உடைந்த மெஷின்களின் குவியலைக் காட்டினார். தண்டவாளத்தையும் அந்தக் குவியலில் போட்டேன். எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் வரை அடித்தேன். ஒருவரும் எழுந்து நிற்கவில்லை.