மேனேஜர்கள் நிறைந்த மிருக ஆஸ்பத்திரி

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘பிரேக்’. யார் எந்தப் புதுச் சரக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் “இருங்க, ஒரு நிமிஷம்” என்று நிறுத்திவிடுவாள். மென்பொருள் எழுதுவது தொழில். மிருக ஆஸ்பத்திரி ஒன்றின் வேலையெல்லாம் நடக்கிற வலைச் செயலி அவள் கையால் உருவானது.

அதில் முதலில் மேனேஜர், டாக்டர், ஊழியர் என்று மூன்று பதவிகள்தான் இருந்தன. வரவேற்பில் இருக்கும் அம்மாள் பில்லைத் திருத்த வேண்டுமென்றார். “இப்போதைக்கு மேனேஜர் ஆக்கிடும்மா” என்றார் அவள் கம்பெனி முதலாளி. மருந்து அறைக்காரருக்கும் அதே வைத்தியம். போகப்போக அந்த ஆஸ்பத்திரியில் மேனேஜர் ஆகாமல் மிச்சம் இருந்தவை நாய்களும் பூனைகளும்தான்.

ஒரு நாள், நாய் குளிப்பாட்டுகிறவர் திரையில் தெறித்த சோப்பு நுரையைத் துடைத்தார். துடைத்த இடத்தில் ‘எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பு’ என்ற பட்டன் இருந்தது. பிராணிகளைக் கூட்டிப் போகலாம் என்று வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் செய்தி பறந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் கூடையும் சங்கிலியுமாக ஒரே கூட்டம். உள்ளே பாதிப் பூனைகளுக்குக் கட்டுகூடப் பிரிக்கவில்லை. தலைமை டாக்டரம்மா சமாதானம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனார்.

முதலாளி அவள் மேஜைக்கே வந்துவிட்டார். “நாய் குளிப்பாட்டுறவருக்கு எதுக்கும்மா அந்தப் பட்டன்?”

“நகவெட்டி வேணும்னா அதுல எழுதிப் போடணும்னாரு. நீங்கதான் சார் மேனேஜர் ஆக்கச் சொன்னீங்க.”

“சரி, இனிமே யாரையும் மேனேஜர் ஆக்க வேணாம்மா” என்றார் முதலாளி.

பதவியைப் பார்த்துக் கதவைத் திறக்கிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று அவள் முடிவுகட்டினாள். ‘இவர் மேனேஜரா?’ என்பதை விட்டுவிட்டு, ‘இந்த நாயை வீட்டுக்கு அனுப்ப இவருக்கு அனுமதி உண்டா?’ என்று செயலி கேட்க வேண்டும். அதற்கென்றே யாரும் எடுத்தாளும்படி திறந்த மூலக் கருவிகள் நிறையக் கிடந்தன. சலித்ததில் மூன்று தேறின.

பக்கத்து மேஜைப் பையனுக்கு ‘ராக்கெட்’ என்று பெயர். அவன் கண் பெரிய கருவிமேல். “பெரிய கம்பெனியெல்லாம் இதைத்தான்க்கா வெச்சிருக்காங்க.”

“அதுக்குத் தனி சர்வர் வேணும். அதைப் பார்த்துக்க அவங்ககிட்ட ஒரு பட்டாளமே இருக்கு. இங்க நீயும் நானும். நீ லீவு போட்டா நான் மட்டும்.”

அவளுக்குப் பிடித்தது குட்டியாக இருந்த இரண்டாவது. அதன் விதிகள் பேசுகிற வாக்கியம் போலவே இருந்தன. ஆசை ஆசையாகப் பொருத்திப் பார்த்தாள். ஒரு பிராணியைப் பற்றிக் கேட்டால் டாண் என்று பதில் வந்தது. ‘இந்த டாக்டர் பார்க்கக்கூடிய எல்லாப் பிராணிகளையும் காட்டு’ என்றால் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு பக்கம் நொண்டியது. வழி உண்டா என்று அதைச் செய்தவரிடமே எழுதிக் கேட்டாள். “இதால் ஆகாது. உங்கள் வேலைக்கு அடுத்ததைப் பாருங்கள்” என்று மூன்றாவது கருவியைக் கைகாட்டி மறுநாளே பதில் வந்தது. எதிர்க்கடைக்கு வழி சொல்லும் கடைக்காரரை அவள் அதுவரை பார்த்ததில்லை. மனசு சுணங்கினாலும் அந்த மனிதர்மேல் மரியாதை வந்தது.

மூன்றாவதற்குக் கவர்ச்சி கிடையாது. விளக்கப் பக்கங்கள் கொட்டாவி வரவழைத்தன. ஆனால் அவள் செயலிக்குள்ளேயே அடக்கமாக உட்கார்ந்துகொண்டது. அந்தப் பட்டியலை ஒரே வீச்சில் எடுத்துக் கொடுத்தது. பிழை சொன்னவர்களுக்கு அங்கே ஆட்கள் இருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை உடைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பிய ராக்கெட், மாலையில் நாற்காலியில் சாய்ந்து, “அசையலக்கா. இதையே வெச்சுக்கலாம்” என்றான்.

பெயர் சொல்லிக் கொடுத்தால் ஒழிய யாருக்கும் எந்த அனுமதியும் கிடையாது என்று அடிப்படை விதி போட்டாள். முதல் நாள் காலையிலேயே போன். தலைமை டாக்டரம்மாவாலேயே மருந்துச் சீட்டு எழுத முடியவில்லை. அவரைச் சேர்க்க மறந்திருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு உடனே சரிசெய்தாள்.

அடுத்த போன் நாய் குளிப்பாட்டுகிறவரிடமிருந்து. “எனக்கு இப்ப ரெண்டு மூணு பட்டன்தான்மா தெரியுது.”

“ஏதாவது கொறையுதாண்ணே?”

“ஐயோ, சேர்த்துக்கீர்த்து வெச்சிடாதீங்க! முன்னெல்லாம் அந்தத் திரைப் பக்கம் போகவே பயம். இப்பதான் நிம்மதி.”

அன்று சாயங்காலம் நாய், பூனை, டாக்டர் எல்லாம் வைத்து ஓர் எடுத்துக்காட்டை எழுதி, கருவியின் விளக்கப் பக்கத்துக்கு அனுப்பினாள். கருவியைச் செய்தவர்கள் கொஞ்ச நேரத்திலேயே அதைச் சேர்த்துக்கொண்டார்கள். ராக்கெட்டிடம் அந்தப் பக்கத்தை ஒரு முறைக்கு இரண்டு முறை திறந்து காட்டிவிட்டு, மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவரக் கிளம்பினாள்.